சின்னக் குழந்தையோடு பழம் பறிக்கும் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருகிறவர்களே கூடையோடு உள்ளே போய்ப் பழம் பறித்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கும் பண்ணைகள் பல நாடுகளில் இருக்கின்றன. இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளை அங்கே அழைத்துப் போக நினைக்கும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் பதில்களில் ஒரு பிடிவாதம் திரும்பத் திரும்பத் தெரியும்: குழந்தையை வேடிக்கை பார்க்க மட்டும் அழைத்துப் போகாதீர்கள், அதற்கு உண்மையான வேலை கொடுங்கள். எது பழுத்திருக்கிறது என்று பார்த்து, தொட்டு, முகர்ந்து முடிவு செய்வது மூன்று வயதுக் குழந்தையால் முடிகிற வேலை. அந்த முடிவை நாம் எடுத்துவிட்டுக் கூடையைத் தூக்க மட்டும் குழந்தையை வைத்துக்கொண்டால், போனதில் பாதிப் பயன்கூட இல்லை.

எந்த வயதிலிருந்து அழைத்துப் போகலாம்?

தானாக நடக்கவும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரு சிறு பொருளைப் பிடித்து எடுக்கவும் தெரிந்த குழந்தை பழம் பறிக்கத் தயார். ஒன்றரை, இரண்டு வயதில் கூடைக்குப் போவதைவிட வாய்க்குப் போவதுதான் அதிகமாக இருக்கும். மூன்று வயதில் "முழுதும் சிவந்ததை மட்டும்" என்ற விதி புரிந்துவிடும். நான்கு, ஐந்து வயதில் காம்பைப் பிடித்துத் திருகுவதும், ஒரு செடியைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்வதும் கைவரும்.

கைக்குழந்தையையும் தூக்கிப் போகலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைத்திருக்கக் கூடாது. நிழலே இல்லாத வயலென்றால் பெரியவர்களில் ஒருவர் அதனோடு ஒதுங்கி உட்கார வேண்டியிருக்கும். அதற்கேற்ப ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள்.

முதல் முறை எந்தப் பழத்துக்குப் போவது நல்லது?

ஸ்ட்ராபெர்ரிதான் என் முதல் தேர்வு. பழம் தரையை ஒட்டித் தொங்குவதால் நாம் குனிகிற உயரம் குழந்தைக்கு நிற்கிற உயரம். முள் கிடையாது, கொட்டை கிடையாது. காய்க்கும் பழத்துக்கும் நிறத்தில் உள்ள வேறுபாடு தூரத்திலிருந்தே தெரியும். ஒரே செடியில் பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஒரு பூ எப்படிப் பழமாகிறது என்று காட்ட இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியாது.

புளூபெர்ரியும் நல்லது. புதர் குழந்தையின் முகத்துக்கு நேராக இருக்கும், முள் இல்லை, விரலால் வருடினாலே பழுத்தவை உதிரும். ராஸ்பெர்ரியின் சுவைக்கு மயங்காத குழந்தை அரிது, ஆனால் பல வகைகளில் முள் உண்டு; முள் இல்லாத வகை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஆப்பிள், கொய்யா, ஆரஞ்சு போன்ற மரங்கள் குட்டையாக வளர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே குழந்தைக்கு வேலை இருக்கும். உயரமான மரமென்றால் பெரியவர்கள் பறிப்பதைக் குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கும், கால் மணி நேரத்தில் அழும்.

எந்த நேரத்தில் போக வேண்டும்? எவ்வளவு நேரம் இருக்கலாம்?

பண்ணை திறந்த உடனே. குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் நேரம் அது. பழத்துக்கும் அதுதான் நல்ல நேரம். வெயில் ஏற ஏறப் பழத்துக்குள் சூடு தங்கிவிடும். சூடேறிய பழம் மெத்தென்று இருக்கும், எளிதில் நசுங்கும், சீக்கிரம் கெடும். காலைக் குளிர்ச்சியில் பறித்தது கூடுதல் நாள் தாங்கும். ஆனால் பனி அல்லது மழை ஈரம் இலையிலிருந்து காயட்டும். ஈரத்தோடு பறித்த மென்பழத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

புற ஊதாக் கதிர் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில்தான் கடுமையாக இருக்கும் என்பதும் காலையில் போக இன்னொரு காரணம். பறிப்பதற்கு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கிளம்பும் முன் பண்ணையிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி, இன்று பறிக்கப் பழம் இருக்கிறதா என்பது. முந்தைய நாள் கூட்டம் வந்து பழுத்ததையெல்லாம் பறித்துக்கொண்டு போயிருக்கலாம். ஒரே ஒரு பெருமழை ஸ்ட்ராபெர்ரி வயலைப் பாழாக்கியிருக்கலாம்.

அடுத்ததைப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். கடைசியாக எப்போது மருந்து தெளித்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் பூஞ்சைக்கொல்லிக்கும், தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், எவ்வளவு நேரம் கழித்து வயலுக்குள் ஆள் நுழையலாம் என்ற வரையறை உண்டு. பொறுப்பான பண்ணைக்காரர் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், நாள் சொல்வார். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மழுப்பினால் வேறு பண்ணை தேடுவதே சரி. குழந்தை பறித்ததைக் கழுவாமல் வாயில் போடும் வாய்ப்பு எப்போதும் உண்டு என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கழிப்பறையும் கை கழுவக் குழாயும் எங்கே, பறிக்கும்போது ருசி பார்க்கலாமா, குழந்தைத் தள்ளுவண்டி வயலுக்குள் போகுமா, கூடை அவர்களே தருவார்களா, பணம் எடைக்கா ஆளுக்கா என்பவற்றையும் கேட்டுவிடுங்கள்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

கறை படிந்தால் வருந்தாத உடை. மூடிய காலணி, செருப்பு வேண்டாம், வரப்பில் குளவியும் முள்ளும் இருக்கும். அகலமான விளிம்புள்ள தொப்பி. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும். நிறையத் தண்ணீர். ஈரத் துணி, மாற்றுடை. புல் மண்டிய இடமென்றால் நீளக் கால்சட்டை.

குழந்தைக்கென்று தனியாக ஒரு சின்ன வாளி கட்டாயம் வேண்டும். பிடியுள்ளதாகவும், நான்கைந்து கைப்பிடியில் நிறைந்துவிடுகிற அளவிலும் இருக்கட்டும். நிறையாத பெரிய கூடை குழந்தையைச் சோர்வாக்கும். நிறைந்த சின்ன வாளியைக் கொண்டுவந்து நம் தட்டில் கவிழ்த்துவிட்டு மறுபடியும் ஓடுகிற வேகம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். பெரியவர்களின் பாத்திரம் ஆழமில்லாத தட்டாக இருப்பது நல்லது. மென்பழங்களை ஒரு சாணுக்குக் குவித்தால் அடியில் இருப்பவை தம் மேல் விழும் எடையிலேயே கசிந்துவிடும்.

பழுத்ததைக் கண்டுபிடிக்கக் குழந்தைக்கு எப்படிக் கற்றுத்தருவது?

விளக்கம் வேண்டாம், முதலில் ருசி. பண்ணை அனுமதித்தால் நன்றாகப் பழுத்த ஒன்றையும் காம்பை ஒட்டிய மேல்பகுதி வெளுத்த ஒன்றையும் எடுத்துக் கழுவி, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். புளித்து முகம் சுளிக்கும் அந்தக் கணத்திலேயே பாடம் முடிந்தது. பிறகு வயலில் "இது இனிக்குமா, புளிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே போனால் போதும்.

கண்ணுக்குப் பிறகு மூக்கு. நிறத்தைப் பார்க்கத் தெரிந்த குழந்தைக்கு முகரவும் சொல்லித்தாருங்கள். பழுத்த ஸ்ட்ராபெர்ரி, கொய்யா, பீச் ஆகியவை வாசனையாலேயே தங்களைக் காட்டிக்கொடுக்கும். அதன்பின் விரல். அழுத்தக் கூடாது, தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பழத்தையும் அழுத்திப் பார்க்கும் கை அடுத்தவர்களுக்கு அடிபட்ட பழத்தை விட்டுச் செல்கிறது.

பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்று இருக்கிறது. சில பழங்கள் பறித்தபிறகும் பழுக்கும், சில பழுக்காது. ஆப்பிள், பேரிக்காய், பீச், மா, கொய்யா, வாழை, அத்தி போன்றவை பழுக்கும் நேரத்தில் எத்திலீன் என்ற வாயுவை அதிகமாக வெளியிடுகின்றன. முற்றியபின் பறித்தால் இவற்றில் பல வீட்டில் கனிந்து பக்குவமாகும். ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, செர்ரி, ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவை அப்படியல்ல. செடியை விட்டு வந்த நேரத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். ஸ்ட்ராபெர்ரி வீட்டில் இன்னும் கொஞ்சம் சிவக்கலாம்; இனிப்பு ஏறாது. "பரவாயில்லை, வீட்டில் வைத்தால் பழுத்துவிடும்" என்று சொல்வதற்கு முன் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்.

நிறம் எல்லா இடத்திலும் உண்மை சொல்லாது. பீச், ஆப்பிள் ஆகியவற்றின் சிவப்புச் சாயல் வெயில் பட்டதால் வருவது; அந்தச் சிவப்புக்கு அடியில் உள்ள பச்சை, மஞ்சளாகவோ வெளிர் நிறமாகவோ மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பமான இடங்களில் ஆரஞ்சு பச்சைத் தோலோடே இனித்துக் கிடக்கும். தோலுக்கு அந்த நிறம் வர இரவுக் குளிர் வேண்டும். புளூபெர்ரியில் காம்பு ஒட்டும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே செம்மை வளையம் இருந்தால் இன்னும் சில நாள் ஆகும்.

செடிக்கு வலிக்காமல் பறிப்பது எப்படி?

பெரும்பாலான சேதம் இழுப்பதால்தான் வருகிறது. ஸ்ட்ராபெர்ரியில் பழத்தைப் பிடிக்காமல் காம்பைப் பிடிக்க வேண்டும். பழத்துக்கு ஒரு விரற்கடை மேலே நகத்தால் கிள்ளித் திருகினால் பச்சைத் தொப்பியோடு வந்துவிடும். தொப்பியில்லாமல் உருவினால் சாறு கசிந்து அன்றே கெடத் தொடங்கும்.

ராஸ்பெர்ரி பழுத்திருந்தால் தொட்டதும் கழன்று வரும், வெள்ளை நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும். இழுக்க வேண்டியிருந்தால் அது இன்னும் காய்தான். புளூபெர்ரிக் கொத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக் கட்டைவிரலால் மெல்ல உருட்டினால் பழுத்தவை மட்டும் உதிரும்.

ஆப்பிளை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, லேசாகத் திருக வேண்டும். தயாரான பழம் அதிலேயே காம்போடு பிரியும். வெடுக்கென்று இழுத்தால், அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய மொட்டுள்ள குறுங்கிளையும் ஒடிந்து கையோடு வரும். குழந்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "அடுத்த வருஷத்துப் பழம் இங்கேதான் தூங்குகிறது" என்று மொட்டைக் காட்டினால் அதன்பின் அது கிளையைத் தொடும் விதமே மாறிவிடும். செர்ரிக்கும் இதே விதி. பேரிக்காயைக் கிடைமட்டமாகச் சாய்த்தால் காம்பு மடக்கென்று விடுபட வேண்டும். அதைக் கெட்டியாக இருக்கும்போதே பறித்து வீட்டில் கனியவிடுவார்கள். மரத்திலேயே விட்டால் உள்ளிருந்து குழைந்து, வெளியே நன்றாகத் தெரியும்போதே நடுவில் கெட்டிருக்கும்.

திராட்சை, ஆரஞ்சு இரண்டுக்கும் கத்தரி வேண்டும். கத்தரி நம் கையில், குலையைத் தாங்கும் வேலை குழந்தையின் கையில். திராட்சைக் குலையின் நுனிப் பழம் பெரும்பாலும் கடைசியில்தான் இனிக்கும். அது இனித்தால் முழுக் குலையும் தயார்.

மாங்காய் மட்டும் முழுக்கப் பெரியவர்கள் வேலை. காம்பு ஒடிந்ததும் பீறிடும் பால் தோலைப் புண்ணாக்கும். நீளக் காம்போடு வெட்டி, தலைகீழாக வைத்துப் பாலை வடியவிட்டு, கழுவியபிறகே குழந்தையிடம் கொடுக்க வேண்டும்.

என் மகள் காயையே பறித்துப் போடுகிறாள். தடுக்கலாமா?

முதல் நான்கைந்து காய்களுக்கு எதுவும் சொல்லாதீர்கள். பிறகு அவள் கையில் இருக்கும் காயையும் ஒரு நல்ல பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். திருத்துவதைவிட ஒப்பிடச் சொல்வது வேகமாக வேலை செய்கிறது. அதன்பிறகும் காய் வந்தால் வேறு வேலை கொடுங்கள்: "நீ பழத்தைக் காட்டு, நான் பறிக்கிறேன்." காட்டுவதும் வேலைதான். வாளிக்குள் வந்த காய்க்கும் பணம் கொடுத்துவிடுங்கள். குழந்தை பார்க்காதபோது அதை வரப்பில் வீசிவிட்டு வருவது எனக்கு உடன்பாடில்லை. அது இன்னொருவரின் விளைச்சல்.

பறித்த கையோடு, கழுவாமல் சாப்பிடலாமா?

கழுவுவதே நல்லது. மருந்து தெளிக்காத தோட்டமென்றாலும் மண், பறவை எச்சம், முன்பு தொட்டவர்களின் கை எல்லாம் பழத்தின் மேல் இருக்கின்றன. ஒரு பாட்டில் தண்ணீரும் சிறிய சல்லடைக் கிண்ணமும் எடுத்துப் போனால் வரப்பிலேயே கழுவிக் கொடுத்துவிடலாம். ஓடும் தண்ணீர் போதும். சோப்பு போட்டுக் கழுவக் கூடாது. பழத்தின் நுண்துளைகளில் அது தங்கிவிடும்.

இன்னொரு விதியை வயலில் கால் வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "வாயில் போடுவதற்கு முன் என்னிடம் காட்ட வேண்டும்." பண்ணையின் ஓரத்தில், வேலியில், களையோடு களையாகக் கருப்பும் சிவப்புமாகக் காட்டுப் பழங்கள் இருக்கும். அவற்றில் சில நச்சுள்ளவை. பழம் பறித்துச் சாப்பிடலாம் என்று அன்றுதான் கற்றுக்கொண்ட குழந்தைக்கு எது பயிர், எது களை என்று தெரியாது.

கீழே விழுந்து கிடக்கும் பழத்தை எடுக்கலாமா?

சாப்பிட வேண்டாம். விழுந்த அடியில் தோல் பிளந்திருக்கும், மண்ணிலும் விலங்கு எச்சத்திலும் உள்ள கிருமிகள் அதன் வழியாக உள்ளே போகும். குளவிகள் கூடும் இடமும் அதுதான். சில பண்ணைகளில் புதிதாகப் பிழிந்த ஆப்பிள் சாறு கிடைக்கும். சூடுபடுத்திக் கிருமி நீக்கியதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நீக்காத சாற்றால் சிறு குழந்தைகளுக்கு ஈ.கோலை தொற்று வந்த நிகழ்வுகள் உண்டு.

தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கொட்டையை விழுங்கிவிட்டால்?

பயம் நியாயமானதே. முழுத் திராட்சை, செர்ரி, பெரிய புளூபெர்ரி ஆகியவை சிறு குழந்தையின் மூச்சுக்குழாயைச் சரியாக அடைக்கும் அளவும் வழுவழுப்பும் கொண்டவை. ஐந்து வயது ஆகும்வரை திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டத் துண்டுதான் கிடைக்கும், ஆபத்து அப்படியே இருக்கும். செர்ரியின் கொட்டையை எடுத்துவிட்டு வெட்டுங்கள். வேகவைக்காத ஆப்பிளைத் துருவியோ மிக மெல்லிய வில்லைகளாகவோ கொடுங்கள். ஓடிக்கொண்டும் வண்டியில் போய்க்கொண்டும் சாப்பிட வேண்டாம். சாப்பிடும் நேரத்தில் உட்கார வேண்டும் என்ற விதிக்கு வயலிலும் விலக்கில்லை.

விழுங்கிய ஆப்பிள் விதையும் முழுதாகப் போன ஒரு செர்ரிக் கொட்டையும் பொதுவாகத் தீங்கில்லாமல் வெளியேறிவிடும். செர்ரி, பீச், பிளம்ஸ் கொட்டைகளின் உட்பருப்பைக் கடித்து மென்றால் சயனைடு உண்டாகும் என்பதால் கொட்டையை உடைத்து விளையாட விடாதீர்கள். மூச்சு அடைத்தால் செய்ய வேண்டிய முதலுதவியைச் சிறு குழந்தை வளர்க்கும் எவரும் கற்றுவைத்திருக்க வேண்டும். வயலுக்குப் போவதற்காக அல்ல, சாப்பாட்டு மேசைக்காகவே.

தேனீ, குளவி கொட்டினால்?

பூக்களில் வேலையாக இருக்கும் தேனீ, தட்டிவிடாதவரை நம்மைக் கண்டுகொள்ளாது. குழந்தையை அதனருகில் அமைதியாக நின்று பார்க்கச் சொல்லலாம். ஸ்ட்ராபெர்ரி ஒரு பக்கம் குறுகிக் கோணலாக இருந்தால், பெரும்பாலும் அந்தப் பூவின் எல்லாப் பகுதியிலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். கோணல் பழத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால், தேனீ செய்யும் வேலையைக் குழந்தை கையிலேயே வைத்துப் பார்த்துவிடும்.

கவனம் வேண்டியது குளவியிடம். அழுகிய பழத்தின் மேலும், திறந்துவைத்த சாறு, இனிப்புப் பானத்துக்குள்ளும் அது இருக்கும். மூடியுள்ள பாட்டிலில் மட்டும் குடிக்கக் கொடுங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கும். எந்த முறையில் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும், தாமதமாக ஆக நஞ்சு அதிகம் இறங்கும். குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, ஆனால் திரும்பத் திரும்பக் கொட்டும். முதலில் அந்த இடத்தை விட்டு நகருங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவிக் குளிர்ந்த துணி வைத்தால் வலி குறையும். முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, உடலெங்கும் தடித்தாலோ, வாந்தி எடுத்துத் துவண்டாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசர உதவியை அழையுங்கள். முன்பே ஒவ்வாமை உள்ள குழந்தையென்றால் மருத்துவர் தந்த எபிநெஃப்ரின் ஊசி வண்டியில் அல்ல, உங்கள் தோளில் உள்ள பையில் இருக்க வேண்டும்.

பழம் சாப்பிட்டதும் வாயைச் சுற்றிச் சிவந்துவிட்டது.

ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சு போன்றவற்றின் அமிலம் மென்மையான தோலில் பட்டாலே சிவக்கும். கழுவினால் சற்று நேரத்தில் மறையும். சிவப்பு வாயைத் தாண்டிப் பரவினாலோ, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் சேர்ந்தாலோ அது வேறு. மேலே சொன்னதுபோல உடனே உதவி தேடுங்கள்.

ஏணி, டிராக்டர் எல்லாம் இருக்கின்றன. குழந்தை ஏற ஆசைப்படுகிறது.

பண்ணை ஏற்பாடு செய்த பயணிகள் வண்டியில் உட்கார்ந்து போகலாம். ஏணி வேண்டாம். நிற்கும் டிராக்டரின் மேலும் வேண்டாம். ஓடும் டிராக்டரில் ஓட்டுநர் மடியில் உட்காரவைப்பது ஒருபோதும் கூடாது.

பண்ணையில் ஆடும் கோழியும் இருக்கின்றன. தொட விடலாமா?

விடலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் பழம் பறித்துச் சாப்பிட்டு முடியுங்கள், கிளம்பும் முன் கடைசியாக விலங்குகள். பார்க்க நலமாக இருக்கும் ஆட்டிடமும் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அவை கடுமையாகத் தாக்கும். தொட்ட பிறகு சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கை கழுவ வேண்டும். மண் படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

பாதியிலேயே சலித்துப் போய் அழுதால்?

நிறுத்திவிடுங்கள். நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான். வாளி நிறையவில்லை, இவ்வளவு தூரம் வந்தோம், கொடுத்த பணத்துக்காவது பறிக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் பெரியவர்களுடையது. நிழலில் உட்கார்ந்து பறித்ததைத் தின்னுங்கள். எறும்பைப் பாருங்கள். பல குழந்தைகள் கால் மணி நேரத்தில் தாமாகவே எழுந்து வாளியைத் தேடும். எழாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இரண்டு பெரியவர்கள் வந்திருந்தால் ஒருவர் குழந்தையோடு இருக்க, இன்னொருவர் பறித்துக்கொள்ளட்டும்.

படம் எடுப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குழந்தை பறிக்கும்போது எடுங்கள். பறிப்பதை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, பழத்தைக் கன்னத்தோடு வைத்துச் சிரிக்கச் சொல்வது அதன் வேலையைக் குறுக்கிடுவது. நாம் வேலையில் மூழ்கியிருக்கும்போது யாராவது அப்படிச் செய்தால் நமக்குப் பிடிக்குமா?

குழந்தை "ஏன், ஏன்" என்று கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். பழங்களைப் பற்றிய உண்மை கதையைவிடச் சுவையானது.

ஸ்ட்ராபெர்ரியின் மேல் ஒட்டியிருக்கும் புள்ளிகளை விதை என்கிறோம். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு குட்டிப் பழம், அதற்குள்தான் விதை. ஒரு ஸ்ட்ராபெர்ரியில் ஏறக்குறைய 200 இருக்கும். நாம் தின்னும் சிவப்புச் சதை, பூவின் அடிப்பகுதி பருத்து வந்தது. திராட்சை, பிளம்ஸ், புளூபெர்ரியின் மேல் வெண்பொடி பூத்திருப்பது ஏன் என்று கேட்பார்கள். அது பழமே பூசிக்கொள்ளும் மெழுகு, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காக்கிறது. ஆப்பிளைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள், ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன் பருமனில் கால்பங்கு காற்று.

ஆப்பிள் மரத்தின் அடித்தண்டில் தரைக்குச் சற்று மேலே ஒரு முடிச்சு தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். அங்கேதான் ஒரு மரத்தின் வேர்ப்பகுதியில் இன்னொரு மரத்தின் கிளையை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். விதையிலிருந்து வளரும் ஆப்பிள் தாய் மரத்தின் பழத்தைப்போல் இருக்காது என்பதால்தான் இந்த வேலை.

ஐந்து வயதுக் குழந்தைக்குக் கப்பல் கதையும் சொல்லலாம். இன்று வயல்களில் விளையும் பெரிய ஸ்ட்ராபெர்ரி 300 ஆண்டுகளுக்கு முன் உலகில் இல்லை. ஃபிரெஸியர் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர், கோட்டைகளை வேவு பார்க்கத் தென் அமெரிக்காவின் சிலிக்குப் போனார். அங்கே பெரிதாகக் காய்த்த ஸ்ட்ராபெர்ரிச் செடிகளைக் கண்டு, 1714-ஆம் ஆண்டு சிலவற்றைக் கப்பலில் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அவர் கொண்டுவந்தவை பெண் செடிகள், பூத்தும் காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த சிறிய ஸ்ட்ராபெர்ரிச் செடிகள் பக்கத்தில் வளர்ந்தபோது அவற்றின் மகரந்தம் சேர்ந்து பழம் பிடித்தது. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் குழந்தையின் வாளியில் இருக்கும் பழம். இரண்டு கண்டங்களிலிருந்து வந்த செடிகள் கடல் தாண்டிப் போய்ச் சந்தித்தன என்பதைக் கேட்டுவிட்டுக் குழந்தைகள் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

பழத்தையே தொடாத குழந்தையை அழைத்துப் போனால் பயன் உண்டா?

உண்டு, சாப்பிடச் சொல்லாமல் இருந்தால். புதிய உணவை ஏற்க ஒரு குழந்தைக்கு எட்டு, பத்து, பதினைந்து முறை அறிமுகம் தேவைப்படலாம். பார்ப்பது, தொடுவது, முகர்வது எல்லாம் அந்த அறிமுகத்தில் சேரும். நீங்கள் தின்னுங்கள், அது பறிக்கட்டும். "ஒன்றே ஒன்று" என்று கெஞ்சினால் அதுவரை விளையாட்டாக இருந்தது அங்கேயும் சாப்பாட்டுச் சண்டையாகிவிடும்.

வீடு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

குழந்தையைக் குளிப்பாட்டுங்கள். புல்வெளியில் நடந்திருந்தால் காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம், அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும்.

துணியில் பட்ட பழக்கறையைக் காயும் முன் குளிர்ந்த நீரில் அலசி, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தடவி, பிறகு சோப்பு போடுங்கள். பெர்ரிகளின் நிறமி அமிலத்தில் சிவந்தும் காரத்தில் நீலமாகவும் மாறக்கூடியது. சில சோப்புகள் காரத்தன்மை உள்ளவை என்பதால்தான் எடுத்த எடுப்பில் சோப்பு போட்ட கறை நீலம் பாய்ந்து நிற்கிறது.

அளவுக்கு மேல் பறித்துவிட்டோம். எப்படிக் கெடாமல் வைப்பது?

மென்பழங்களைச் சேமிக்கும் முன் கழுவாதீர்கள், சாப்பிடும்போது கழுவுங்கள். நசுங்கியவற்றைப் பிரித்துவிட்டு, தட்டில் துணி விரித்து ஒரே அடுக்காகப் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இந்தப் பிரிக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். காலையில் கற்றது மாலையில் கை கொடுக்கும். ராஸ்பெர்ரி ஓரிரு நாள், ஸ்ட்ராபெர்ரி இரண்டு மூன்று நாள், செர்ரி ஒரு வாரம், புளூபெர்ரி ஒன்றிரண்டு வாரம் தாங்கும். ஆப்பிள் வாரக்கணக்கில் இருக்கும், ஆனால் அது விடும் எத்திலீன் பக்கத்தில் உள்ள கீரைகளை மஞ்சளாக்கிவிடும் என்பதால் தனியாக வையுங்கள். பீச், மா இரண்டையும் கனியும்வரை வெளியே வைக்க வேண்டும். முன்னதாகவே குளிரில் வைத்தால் பீச் மாவாகிச் சாறற்றுப் போகும், மா சரியாகப் பழுக்காது.

மீதியை உறையவைக்கலாம். கழுவி, ஈரத்தை நன்றாக உலர்த்தி, காம்பு நீக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைபெட்டியில் வையுங்கள். கல்லாக இறுகியபின் பைக்கு மாற்றிக் காற்றை வெளியேற்றிக் கட்டிவிட்டால், வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம். பையின் மேல் தேதியை எழுதுங்கள். உறைந்து இளகிய பழம் குழைந்துதான் இருக்கும். அப்படியே தின்ன நன்றாக இராது, அரைத்துக் குடிக்கவும் கூழாகக் காய்ச்சவும் நன்றாக இருக்கும்.